தாலி வெள்ளையான நாள்

பாதரசத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆஸ்பத்திரியில் இப்போது எல்லாம் பேட்டரி. காய்ச்சல் பார்க்க நெற்றியில் காட்டுகிறார்கள். பிரஷர் பார்க்க பட்டனை அமுக்குகிறார்கள். என் காலத்தில் இரண்டுக்குள்ளும் பாதரசம் இருந்தது. நான் வேலையை விடுகிற சமயத்தில்தான் அதையெல்லாம் எடுத்தார்கள்.

புதிதாகத் துப்புரவு வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் ரோசக்கா என்று கேட்டார்கள். தரை துடைப்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் சூப்பர்வைசர் காட்டுவார். ஈப்போவில் அந்த ஆஸ்பத்திரியில் நானும் சூப்பர்வைசராக இருந்தேன். அப்போது நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சாமான் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

தண்ணி மாதிரி ஓடும். ஆனால் நனைக்காது. விரலை வைத்து எடுத்தால் விரல் காய்ந்தே இருக்கும். சின்னப் போத்தலில் வைத்துத் தூக்கினால் கல்லைத் தூக்கின மாதிரி கை இறங்கும். கீழே விழுந்தால் சின்னச் சின்ன உருண்டையாகச் சிதறி, அலமாரிக்கு அடியில், தரை ஓடுகளின் சந்தில், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். இரண்டு உருண்டையைப் பக்கத்தில் தள்ளினால் சட்டென்று ஒன்றாகிவிடும். பார்க்க அவ்வளவு அழகு.

அந்த அழகுதான் கெட்டது. குளோரின் போத்தலைத் திறந்தால் மூக்கே சொல்லும், எட்டி நில் என்று. இது ஒன்றும் சொல்லாது. வாசனை இல்லை. தொட்டால் சுடாது. சும்மா கிடந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை இழுத்தால்தான் உடம்புக்குக் கேடு.

எனக்கு முன்னால் சூப்பர்வைசராக இருந்தவர் ஒரு மலாய்க்கார அண்ணன். அதிகம் பேச மாட்டார். எங்கேயாவது தெர்மாமீட்டர் உடைந்தால் வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகுதான் வேலை. ஏன் அப்படி என்று ஒரு தடவை கேட்டேன். "கை சும்மா இருந்தாத்தான் தலை வேலை செய்யும்" என்றார்.

ஒரு நாள் பிள்ளைகள் வார்டில் தெர்மாமீட்டர் உடைந்தது. அங்கே சுறுசுறுப்பான பெண் ஒருத்தி இருந்தாள். ஓடிப்போய் தூசி உறிஞ்சுகிற வேக்கம் மெஷினைக் கொண்டு வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டாள். தரை பளபளவென்று ஆனது. ஆனால் வேக்கம் சூடாகி, பின்பக்கமாக ஆவியை அறை முழுக்க ஊதிவிட்டது. அறையைப் பூட்டி வைத்தார்கள். வேக்கத்தையும் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அண்ணன் அவளைத் திட்டவில்லை. "நம்ம வேலையில வேகம் நல்லது. இதுல மட்டும் வேகம் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது மனதில் நின்றது. எனக்கு அது பயன்பட்டது பிறகு, நான் சூப்பர்வைசரான பின்.

பழைய பிரஷர் மெஷின்களை வார்டு வார்டாக எடுத்து ஸ்டோருக்குக் கொண்டு போகிற நாள் அது. சக்கரம் வைத்த கம்பத்தில் நிற்கிற வகை. நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் பாதரசம். மெஷின் பழுது பார்க்கிற அஸ்மான் தள்ளிக்கொண்டு வந்தான். பெண்கள் வார்டுக்குப் பக்கத்தில் கட்டுப் போடுகிற அறை இருக்கிறது. அதன் வாசலில் சக்கரம் மாட்டியது. கம்பம் சாய்ந்தது. அவன் பிடிப்பதற்குள் குழாய் உடைந்து அறைக்குள் எல்லாம் ஓடிவிட்டது.

அறைக்குள் பரமேஸ்வரி இருந்தாள். எங்கள் துப்புரவுப் பெண்களில் சின்னவள். கல்யாணமாகி வேலைக்குத் திரும்பியிருந்தாள். நகத்தில் மருதாணி இன்னும் போகவில்லை. புருஷன் செல்வம் லாரி ஓட்டுகிறவன். வாய் ஓயாமல் அவனைப் பற்றிப் பேசுவாள். மாமியாரைப் பற்றிப் பேசினால் மட்டும் குரல் இறங்கும்.

நான் போவதற்குள் அவள் தரையில் குந்திவிட்டாள். கையில் ஒரு அட்டை. உருண்டைகளை ஒன்றோடு ஒன்று தள்ளிச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோசக்கா, இங்க பாருங்கலா. ஓடிப் போய் ஒட்டிக்குது. செல்வத்துக்கும் எனக்கும் சண்ட வந்தா இப்படித்தான்."

"பரமு, எழும்பு."

"இருங்க, அலமாரிக்கு அடியில கொஞ்சம் இருக்கு."

கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள். சட்டைக் கழுத்திலிருந்து தாலிக்கொடி வெளியே சரிந்தது. தாலி நேராகப் பாதரசத்துக்குள் விழுந்தது. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

எழும்பினாள். தாலியைச் சட்டைக்குள் போடப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மஞ்சளாக இருந்த தாலி பாதி வெள்ளையாக இருந்தது. வெள்ளி மாதிரி. தங்கத்தைக் கண்டால் பாதரசம் விடாது, பிடித்துக்கொள்ளும். அவள் கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மற்றப் பாதியும் வெளுத்தது.

நம்மவர்களிடம் கழுத்தில் மஞ்சள் போய் வெள்ளை வந்தால் என்ன அர்த்தம் என்று நான் எழுத வேண்டியதில்லை.

"அக்கா" என்றாள். "அவரு லாரி எடுத்துக்கிட்டுப் போயிருக்காருக்கா."

உடனே போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

அஸ்மான் படித்த பையன். வேலை தெரிந்தவன். ஏர்கானை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, வார்டுப் பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மலாயில் சொன்னான்: "அக்கா, அதை உடனே கழற்றச் சொல்லுங்கள். நெஞ்சுச் சூட்டுக்கு ஆவியாகும். நேரே அவள் மூக்குக்குத்தான் வரும்."

அவன் சொன்னது சரி. நான் பரமுவை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டி வந்து சொன்னேன்.

"கழட்டு."

"மாட்டேன்."

"விஷம்மா அது."

"செத்தாலும் கழட்ட மாட்டேன்க்கா. அவரு போன வேற எடுக்கல. இந்த நேரத்துல கழட்டுன்னா?" தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையும் இப்போது பாதரசம்.

அறைக்குள் தரை முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. பக்கத்தில் வார்டு. ஒரு பக்கம் அஸ்மான் பார்க்கிறான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தரை எங்கேயும் போகாது. அதை அஸ்மான் பார்ப்பான். முதலில் ஆள்.

அதட்டிக் கழற்ற வைக்கலாம். நான் சூப்பர்வைசர், அவள் பயப்படுவாள். கழற்றிவிட்டு வெறும் கழுத்தோடு சாயங்காலம் வரைக்கும் அழுதுகொண்டு நிற்பாள். அது முறையில்லை. கழற்று என்று சொல்வது சுலபம். கழற்றின இடத்தில் என்ன வைப்பது என்று சொன்னால்தான் அது சொல்.

ஆபரேஷனுக்குப் போகிற நம் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். உள்ளே தங்கம் போட்டுக்கொண்டு போகக் கூடாது. மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கட்டி, அதைக் கழுத்தில் போட்ட பிறகுதான் தங்கத்தைக் கழற்றுவார்கள். கழுத்து ஒரு நிமிஷமும் சும்மா இருக்காது.

"மஞ்சள் கயிறு கட்டிக்கிட்டா கழட்டுவியா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "கட்டிட்டுத்தான் கழட்டுவேன்."

"கட்டிட்டே கழட்டு."

இதற்குள் முனியம்மா வந்துவிட்டாள். எங்களோடு வேலை செய்தவள். அவளைக் கீழே சமையல் கட்டுக்கு அனுப்பினேன். அங்கே சமைக்கிற மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், எதற்கு மஞ்சள் என்று கேட்டிருக்கிறார். முனியம்மாவுக்கு மலாய் கொஞ்சம் தகராறு. கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டாள். இங்கேயா, இப்போதா, யாருக்கு என்று மக்சிக் கேட்க, மேல்மாடியில் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள். கையில் பச்சை மஞ்சள், இஞ்சி மாதிரி பெரிய கிழங்கு. பின்னாலேயே மக்சிக்கும் கல்யாணத்தைப் பார்க்க வந்துவிட்டார்.

"இது என்னடி, மீன் கொழம்புக்கு வாங்கினியா?" என்றேன்.

"சின்னது இல்லக்கா. இருக்கிறதுல இதுதான் சின்னது."

கயிறு வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போனேன். அங்கே லிம் சிஸ்டர் இருந்தார். சீனப் பெண்மணி. கண்டிப்பானவர். தரையில் ஒரு சொட்டுத் தண்ணி இருந்தால் கூப்பிட்டுக் காட்டுவார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை தமிழ்ப் பெண்களின் கழுத்தில் அந்தக் கயிற்றைப் பார்த்திருப்பார். வெள்ளை நூல் நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே என்னோடு நடந்தார்.

மஞ்சளை உடைத்து நாடாவில் தேய்த்தோம். நன்றாக ஏறியது. என் கை, முனியம்மா கை, லிம் சிஸ்டர் கையுறை எல்லாம் மஞ்சள். நடுவில் கிழங்குத் துண்டைக் கட்டினோம்.

பிறகுதான் எனக்கு அது உறைத்தது. யார் கட்டுவது?

எனக்குப் புருஷன் இல்லை. முனியம்மாவுக்கும் இல்லை. நாங்கள் கட்டக் கூடாது. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் எனக்குத் தெரியும். பரமுவுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

அவளே கட்டிக்கொள்ளலாம் என்றால் அவள் கையில் பாதரசம்.

நான் லிம் சிஸ்டரைப் பார்த்தேன்.

"சிஸ்டர், உங்களுக்குப் புருஷன் இருக்காரா?"

"இருக்கான். வீட்டில டிவி பாத்துக்கிட்டு இருக்கான். ஏன், வேணுமா?"

"பிள்ளைங்க?"

"மூணு. அதுவும் வேணுமா?"

பரமுவிடம் சொன்னேன். "புருஷன் இருக்கார், மூணு பிள்ளைங்க. தமிழச்சிதான் கட்டணும்னு யாரும் சொன்னதில்ல."

பரமு லிம் சிஸ்டரைப் பார்த்தாள். மக்சிக்கைப் பார்த்தாள். மக்சிக் தலையை ஆட்டினார், நல்ல காரியம்தான் என்கிற மாதிரி. பரமு கழுத்தைக் குனிந்தாள்.

"எத்தன முடிச்சு?" என்று கேட்டார் லிம் சிஸ்டர்.

"மூணு."

டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்று நின்று பழகின கை. சுற்றிப் போட்டு, இழுத்து, மேலே இன்னொன்று. தட்டையாக உட்கார்ந்தது. "இது அவிழாது" என்றார். "என் முடிச்சு அவிழ்ந்திச்சுன்னு எந்த டாக்டரும் சொன்னதில்ல."

பரமு உடனே தங்கத் தாலிக்கொடியைக் கழற்றினாள். அஸ்மான் சின்னப் போத்தலில் தண்ணி ஊற்றி நீட்டினான். அதில் போட்டு இறுக்கி மூடினோம். அவளைக் கை கழுவவிட்டு, உடுப்பு மாற்றவைத்து, டாக்டரிடம் அனுப்பினோம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். மக்சிக், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டுவிட்டுக் கீழே போனார்.

பிறகுதான் நானும் அஸ்மானும் தரைக்கு வந்தோம். டார்ச் லைட்டைத் தரையோடு சேர்த்துப் பிடித்தால் உருண்டை ஒவ்வொன்றும் மின்னும். பொறுமையாக ஊசிக் குழாயில் உறிஞ்சி எடுத்தோம்.

நடுவில் செல்வம் போன் பண்ணினான். டாக்டரிடம் போய்த் திரும்பியிருந்த பரமு தாழ்வாரத்தில் நின்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னா இத்தன மிஸ்கால்? கமுந்திங்ல சாமான் எறக்கிக்கிட்டு இருந்தேன். போன் வண்டியில கெடந்துச்சு."

"தாலி வெள்ளையாயிடுச்சுங்க."

"நான் நல்லாத்தானே இருக்கேன். இப்பத்தான் நாசி லெமாக் சாப்புட்டேன். ரெண்டு பொட்டலம்."

பரமு அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "ரெண்டு எதுக்கு? காலையில தோசை சாப்புட்டுத்தானே போனீங்க?" என்று கேட்டாள். ஆள் சரியாகிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

இதோடு முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு வீட்டில் மாமியார் இருக்கிறார். வேலை முடிந்ததும் நானும் அவளோடு புந்தோங்கில் இருக்கிற அவள் வீட்டுக்குப் போனேன். போத்தல் என் பையில் இருந்தது.

மாமியார் கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பிறகு தோட்டத்து ஸ்டோரிலும் வேலை பார்த்தவர். மருமகள் கழுத்தில் அவ்வளவு பெரிய மஞ்சள் கிழங்கைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. நான் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுக்கா இத்தன ஆட்டம்? நெருப்புல காட்டினா போயிடும்."

சொல்லிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். அடுப்பைப் பற்றவைத்தார். இடுக்கியை எடுத்தார். சின்ன அடுப்படி. மழை தூறுகிறது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். பரமு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

இங்கே யோசிக்க நேரமில்லை. கையைப் பிடித்தால் சண்டையாகும். அவர் வீடு, அவர் அடுப்படி. நான் குனிந்து கேஸ் சிலிண்டரை மூடினேன். அடுப்பு அணைந்தது.

"என்னா பண்றீங்க?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நெருப்புல காட்டினா தாலியில இருந்து போயிடும்மா. சரிதான். போறது எங்க போகும்? நம்ம மூணு பேரு மூக்குக்குள்ளதான் போகும்."

"எனக்கு அடுப்படியில பாடமா?"

"பாடமில்லம்மா. நான் தமிழ்ப் பள்ளியில ஆறாவது வரைக்கும்தான். தோட்டத்து ஸ்டோர்ல பால் ஒறைய ஆசிட் ஊத்துவீங்கதானே?"

"ஊத்துவோம்."

"கதவெல்லாம் சாத்திக்கிட்டா ஊத்துவீங்க?"

"எவ ஊத்துவா? கண்ணு எரியும், மூக்கு எரியும்."

"இது எரியாதும்மா. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் போத்தலைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். இடுக்கியைக் கீழே வைத்தார். பிறகு போய் ஜன்னலைத் திறந்தார். மழைச் சாரல் உள்ளே அடித்தது. யாரும் மூடவில்லை.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். சிலிண்டரை நான்தான் திறந்துவிட்டேன்.

மறுநாள் தங்க வேலை செய்கிற பத்தரிடம் கொண்டு போனோம். அவர் போத்தலைத் திறக்கவே இல்லை. பார்த்துவிட்டு "ரசமா?" என்று கேட்டார். பின்பக்கம் அவருக்குக் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற இடம் இருக்கிறது. அங்கே ஆசிட்டில் போட்டு எடுக்க வேண்டும், நீங்கள் இங்கே நிற்க வேண்டாம், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். தொழில் தெரிந்தவர் அப்படித்தான் பேசுவார். அவரிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாலி திரும்பி வந்தது. மஞ்சளாகவே இருந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தது.

அதை மறுபடி போட நல்ல நாள் பார்த்து, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செல்வமும் இருந்தான். பெரிய உருவம், வெட்கப்படுகிற ஆள். தங்கத்தைக் கழுத்தில் போட்டாயிற்று. இனி கயிற்றைக் கழற்ற வேண்டும். மாமியார் முடிச்சில் கை வைத்தார். நகத்தால் கிளறிப் பார்த்தார். கொண்டை ஊசி வைத்துப் பார்த்தார். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார். அசையவில்லை.

செல்வம், "கத்தி கொண்டாரவாம்மா?" என்று கேட்டான்.

"வாய மூடுடா. தாலிக் கயித்துல கத்தி வெப்பியா?"

மறுபடி முயன்றார். வியர்த்துவிட்டது.

"எவடி கட்டினது இது?"

பரமு என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்ன அன்றைக்கு இதை மட்டும் சொல்லவில்லை. கயிறு கட்டினோம் என்று சொன்னேனே தவிர, யார் என்று சொல்லவில்லை. நான் விதவை என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு நாளும் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தாரோ.

"சீன சிஸ்டர், அத்தை" என்றாள் பரமு. "புருஷன் இருக்காரு. மூணு பிள்ளைங்க."

மாமியார் முடிச்சை விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கா" என்றார். "ரெண்டும் கெடக்கட்டும்."

எழுந்து உள்ளே போனார். வெற்றிலை, பாக்கு, குங்குமம், இரண்டு வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் ஒரு தட்டில் வைத்துக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். தாலி கட்டின கை வெறுங்கையாக இருக்கக் கூடாது, அந்தச் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார்.

மறுநாள் தியேட்டர் வாசலில் லிம் சிஸ்டரிடம் கொடுத்தேன். தட்டை வாங்கி, கையுறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது எனக்கா? நான் என்ன செஞ்சேன்?"

"தாலி கட்டினீங்க சிஸ்டர். அதுக்கு மரியாதை."

வாழைப்பழத்தில் ஒன்றை என்னிடம் கொடுத்தார். மற்றதை அவர் உரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நல்ல வேலைதான்லா. அடுத்த தடவையும் என்னயே கூப்பிடு."

"கூப்பிட மாட்டேன் சிஸ்டர்" என்றேன். "மெஷின் எல்லாம் எடுத்தாச்சு."